இருபத்தேழாவது ஆளைப் பார்க்காதவர்

அவரை நான் முதன்முதலில் கண்டது ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில், நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டுக்குள். மகள் அப்போது கைக்குழந்தை. ஒரு கையில் அவள், மறு கையில் சாமான் பை, தோளில் இன்னொரு பை. அவர் வேலையால் வந்த களையோடு, சாப்பாட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார். நீங்கள் எந்த ஊர், யாருடைய மகள் என்று வழக்கமாகத் தொடங்கும் பேச்சு எதுவும் இல்லை. தலையைச் சரித்து மேலே எதையோ கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, இது இண்டைக்கு நிக்கும்" என்றார். ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றது.

முக்கால் மணி நேரம் உள்ளே கிடந்தோம். மேலே கம்பி உரசுகிற சத்தம் இரண்டு நாளாகவே கேட்கிறது, கட்டடக்காரருக்குப் போய்ச் சொன்னேன், அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக் கொடுத்து மகளுக்கு விளையாட்டுக் காட்டினார். நான் விளக்கத்தைக் கேட்கவேயில்லை. ஒரு மனுசன் நிற்கும் என்றார், நின்றது. என் மண்டையில் அது மட்டும்தான் ஏறியது. வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே என் கணவரிடம் சொன்னேன், கீழ் மாடியில் ஒரு அண்ணை இருக்கிறார், அவருடைய வாய் சரியில்லை என்று.

இந்தக் கதையை முதலில் கிளப்பிவிட்டது நான்தான் என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பிறகு நூறு பேர் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் பிள்ளையார் சுழி என்னுடையது.

பார்த்தால் அந்த அண்ணைக்கும் என் வீட்டுக்காரரான இவருக்கும் பிக்கரிங்கில் ஒரே தொழிற்சாலையில் வேலை. காருக்கு வேண்டிய பிளாஸ்டிக் உறுப்புகள் செய்கிற இடம். இவர் மெஷினில் நிற்பார். அண்ணை வரிசையின் கடைசியில், இன்ஸ்பெக்ஷனில். வருகிற ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறல் உள்ளதைச் சிவப்புத் தொட்டிக்குள் போடுவது அவருடைய தொழில். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தார். அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி லொக்கரில் வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் அவருடைய குற்றம். யாராவது முகம் சுளித்தால், "கண்டதைச் சொல்லாட்டி எனக்கு ஏன் சம்பளம்?" என்பார்.

கண்டதை எல்லாம் சொன்னார். எங்களுடைய பழைய வான் வண்டியைப் பார்த்து, பின் சில்லு இந்த மாதம் தாங்காது என்றார். நெடுஞ்சாலையில் வைத்து அது போனது. ஒரு கல்யாண மண்டபத்தில், மணவறையைப் பார்த்துக்கொண்டே என் காதுக்குள், "மாப்பிள்ளை பொம்பிளையை ஒருக்காலும் நிமிந்து பாக்கேல்லை, பிள்ளை" என்றார். மற்றவர்கள் எல்லோரும் சேலையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கல்யாணம் ஒரு வருஷம் நிற்கவில்லை. மாப்பிள்ளையை ஒருவரும் குறை சொல்லவில்லை. அண்ணை வாய் வைத்ததால் வந்தது என்றார்கள்.

கரிநாக்கு என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சொன்ன கெட்டது பலித்தால் கரிநாக்கு. சொன்ன நல்லது பலித்தால் அதை யார் சொன்னது என்றே ஞாபகம் இருக்காது.

மெல்ல மெல்ல அவருக்கு ஒரு நல்ல செய்தியும் போகாமல் போனது. பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிறந்த பிறகு சொல்வார்கள். வேலைக்கு நேர்முகம் என்று சொல்ல மாட்டார்கள், கிடைத்த பிறகு சொல்வார்கள். புது வீட்டுக் குடிபூரல் அழைப்பு குடிபூந்த மறுவாரம் போகும். கலியாணம் ஆகாத மனுசன், தங்கச்சி ஒருத்தி தூரத்தில், எட்மன்ரனில். எங்கள் வீடு மாதிரி நாலைந்து வீடுகள்தான் அவருக்குப் போக்கிடம். அந்த நாலைந்து வீடுகளும் அவருக்கு முடிந்த கதைகளை மட்டும் சொல்லின.

நாங்களும் அப்படித்தான். விட்பியில் வீடு வாங்கியதைச் சாவி கைக்கு வரும்வரை மூச்சுவிடவில்லை. சாவி வந்த அன்று மாலை, கொஞ்சம் கூச்சத்தோடு, இவர் போய்ச் சொன்னார். அண்ணை "சந்தோசம் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கீழே தன் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிக்கியைத் திறந்தால் உள்ளே புதிதாய் ஒரு பனி அள்ளுகிற சவள், விலைச் சீட்டுக்கூடக் கிழிக்காமல். வாங்கி ஒரு மாதமாகிறது என்றார். நான் ஒருநாள் சோபாவை நாடாவால் அளந்துகொண்டு நின்றதைக் கண்டாராம். வாடகை வீட்டில் யாரும் சோபாவை அளப்பதில்லை என்றார். இவர் சவளோடு மேலே வந்து அதை என்னிடம் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டு, நாங்கள் மறைப்பதையும் தெரிந்துகொண்டு, வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

பேஸ்போல் அவருக்குப் பைத்தியம். எங்கள் ஆட்களில் அந்த வயதில் அதை இருந்து பார்க்கிறவர்கள் குறைவு. இவருக்கும் பிடித்துப்போனது அவரால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பிக்கு வந்து வீட்டுக்குக் கீழே உள்ள பேஸ்மென்றில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். நான் மரக்கறி அரிந்துகொண்டு அரைக் கண்ணால் பார்த்துப் பழகினேன். அது முழுக்க இன்ஸ்பெக்ஷன் விளையாட்டுத்தான் என்பார். எறிகிறவனுடைய முழங்கை எவ்வளவு இறங்குகிறது, அடிக்க நிற்கிறவன் எந்தக் காலில் பாரம் வைக்கிறான், எல்லாம் அவருக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை ஒளிக்காமல் எல்லோரிடமும் சொல்வார். ஒரு பேர்ஃபெக்ட் கேமை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு அணியின் ஒன்பது பேரும் ஆளுக்கு மூன்று தடவை, சுற்றுக்கு மூன்று பேராக ஒன்பது சுற்றில் அடிக்க வருவார்கள். அந்த இருபத்தேழு தடவையும் ஒருவர்கூட ஓடிப்போய் முதல் பேஸ் என்ற இடத்தை மிதிக்க விடாமல் எறிகிறவன் திருப்பி அனுப்பிவிட்டால் அதுதான் பேர்ஃபெக்ட் கேம். பல வருஷத்துக்கு ஒருக்கால் நடக்கும். நடந்தபோதெல்லாம் அவர் வேலையில் நின்றார், மறுநாள் சாப்பாட்டு அறையில்தான் கேள்விப்பட்டார். "இருபத்தேழு சாமான் வந்து ஒண்டிலையும் ஒரு கீறலில்லை. என்ரை லைனிலை ஒருநாளும் அப்பிடி வரேல்லை பிள்ளை. ஒருக்காப் பாக்கவேணும்" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இளகும்.

ஒருமுறை ரொறன்ரோ அணி, ஒல்லியான இளம் வீச்சாளன் ஒருவனை வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டது. எல்லோரும் சனியன் துலைந்தான் என்றார்கள். அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "உவனை விட்டிருக்கக் கூடாது. உவன் ஒருநாள் இருபத்தேழு பேரையும் வரிசையா அனுப்புவான்" என்றார். நாங்கள் சிரித்தோம்.

அவர் அதைச் சொன்ன மூன்றாம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அது நடந்தது.

அன்று வீட்டில் ஆட்கள். இவருடைய அக்கா, என் மச்சாள், வந்திருந்தா. மகள் பல்கலைக்கழகத்தால் வந்து நின்றாள். பின்வளவில் கோழி வாட்டிச் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பேஸ்மென்றுக்கு இறங்கினோம். ரொறன்ரோ விளையாட்டு முடிந்து, மேற்குக் கரையில் நடக்கிற இன்னொரு விளையாட்டைத் தொலைக்காட்சியில் போட்டான். எறிகிறவன் அந்த ஒல்லிப் பெடியன், இப்போது தாடியோடு. அண்ணை முதல் பந்திலிருந்து அசையாமல் இருந்தார். ஐந்தாம் சுற்று முடிந்தபோது இவரும் முன்னுக்கு நகர்ந்து இருந்தார். ஆறு முடிந்தது. ஒருவரும் பேஸுக்குப் போகவில்லை. மச்சாள் என்ன நடக்குது என்று கேட்க வாயெடுத்தா. மகள் பாய்ந்து மறித்தாள்.

"மாமி, டோன்ட் சே இட். சொன்னா உடைஞ்சிடும். ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, அது ரூல்."

மகள் விளக்கினாள். அங்கே மைதானத்திலும் அப்படித்தானாம். சொந்த அணிக்காரரே அந்தப் பெடியனுக்குப் பக்கத்தில் போய் இருக்க மாட்டார்களாம். தொலைக்காட்சியில் காட்டினான். அணிக்காரர் இருக்கிற நீண்ட வாங்கில் அவன் தனியே இருந்தான், இரண்டு பக்கமும் வெறுமை. வெள்ளைக்காரனுக்கும் நாவூறு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. மச்சாளுக்கு அந்த விளையாட்டின் தலையும் தெரியாது வாலும் தெரியாது, ஆனால் இது உடனே விளங்கியது. அவ மெதுவாகத் தலையைத் திருப்பி அண்ணையைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

ஏழாம் சுற்றில் அண்ணை மூச்சை இழுத்து, "இவன்ரை தோள்..." என்று தொடங்கினார். "அண்ணை, தயவுசெய்து ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்து வாயைப் பொத்திக் காட்டினார். ஏழும் முடிந்தது. இருபத்தொரு பேர். விளம்பரம் போனபோது மச்சாள் என்னைப் படிப் பக்கம் இழுத்து, அந்த மனுசனை வைத்துக்கொண்டு இது நடக்காது, தம்பி எவ்வளவு ஆசையாய் இருக்கிறான் பார், ஏதாவது செய் என்றா. இவரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணையையும் பார்த்தார்.

அந்த ஆசை யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருஷமாக அவர் வாயால் கேட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டுதான் போய்க் கேட்டேன்.

"அண்ணை, பின்வளவிலை கோழி வாட்டின அடுப்பு, காஸ் நிப்பாட்டினதோ தெரியேல்லை. ஒருக்காப் பாத்திட்டு வாறியளே?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிற அதே பார்வை. பிறகு எழும்பி, தொலைக்காட்சியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, படி ஏறிப் போனார்.

எட்டாம் சுற்று போனது. ஒன்பதாவதில் கடைசி ஆள் அடித்த பந்து உயரப் போய்க் கைக்குள் விழுந்தது. மகள் கத்தினாள். இவர் அவளைத் தூக்கிச் சுற்றினார். மச்சாள் என்ன நடந்ததென்று தெரியாமலே கைதட்டினா. தொலைக்காட்சியில் ஆட்கள் முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் அதையெல்லாம் கடைசிவரை பார்த்தோம். நான் தேத்தண்ணி போட மேலே வந்து கோப்பைகளை எண்ணியபோதுதான் ஒன்று மிஞ்சியது. அது அண்ணையினுடையது. பின்கதவைத் திறந்தேன்.

அவர் பின்வளவில் வேலியோரம், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளே போட்ட கூச்சல் வெளியே கேட்டிருக்கும். நாங்கள் கூப்பிடுவோம் என்று நின்றிருக்கிறார்.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"ஒருத்தரும் போகேல்லையோ?"

"இல்லை அண்ணை. இருபத்தேழும்."

"நல்லது" என்றார். திரும்பி வந்து படியில் குந்திச் சப்பாத்தைப் போட்டார். இவர் ஓடிவந்து, திரும்பவும் போடுகிறான், வாருங்கோ பார்ப்போம் என்றார். முடிவு தெரிந்த சாமானை இன்ஸ்பெக்ஷன் செய்வதில் என்ன இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "காஸ் நிப்பாட்டித்தான் இருந்தது, பிள்ளை."

அந்த ஒல்லிப் பெடியனைப் பற்றி அவர் சொன்னது அன்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான்.

அதற்குப் பிறகும் வந்தார். கோபித்துக்கொண்டு வராமல் விடுகிற ஆள் இல்லை. ஆனால் வாய் மாறிவிட்டது. எதைக் காட்டினாலும் "நல்லாயிருக்கு" என்பார். புதுக் காரைக் காட்டினோம், நல்லாயிருக்கு. மகள் தான் விரும்பிய பெடியனைக் கூட்டிவந்தாள், நல்ல பிள்ளை. அண்ணை இப்போது பழகச் சுகமான மனுசனாகிவிட்டார் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். இத்தனை வருஷம் இன்ஸ்பெக்ஷன் செய்த ஆள் எல்லாவற்றையும் பாஸ் பண்ணி விடுகிறாரே என்று ஒரு சொட்டுப் பயம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் மூன்று பேரும் இருந்து தேத்தண்ணி குடித்தோம். இவர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணை இவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம். அவருடைய வாய் திறந்தது. நான் அதைக் கண்டேன். பிறகு மூடியது. "தேத்தண்ணி நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மார்கழியில், காலை பத்து மணிக்கு, சப்பாத்துக் கட்டக் குனிந்த இடத்தில் இவர் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போனது, பேச்சுப் போனது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், இதற்கு முன்னம் கை சோர்ந்து போனது, சாமான் நழுவியது, அப்படி ஏதாவது கண்டீர்களா என்று. சில பேருக்கு முன்கூட்டியே காட்டும், உடனே வந்தால் மருந்து கொடுக்கலாம் என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அண்ணை கதவுக்கு வெளியே, உள்ளே வராமல், சாப்பாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காகப் புட்டுக் கொண்டுவந்திருந்தார். டொக்டர் போனதும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஐப்பசியிலை கண்டனான் பிள்ளை. தம்பி கோப்பையை வலக்கையாலை தூக்கி, ஏலாமல் இடக்கைக்கு மாத்தினவன். ரண்டு தரம்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

அவர் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே என்னை ஒரு சொல்லால் வெட்டிப் போட்டிருக்கலாம். அதற்கு உரிமையும் இருந்தது. "எல்லாம் நல்லாய்ப் போய்க்கொண்டிருந்தது" என்றார். "நான் சொல்லிக் கெடுத்ததாய் வரக் கூடாதெண்டு..." முடிக்கவில்லை. புட்டுப் பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார்.

சொல்லியிருந்தால் இவர் தப்பியிருப்பாரோ தெரியாது. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது தெரியும். வாய் வைத்துவிட்டார் என்று சொல்லியிருப்பேன்.

பிறகு வந்த மூன்று வருஷத்தை நான் எழுதப் போவதில்லை. தூக்கி இருத்துவது, துடைப்பது, மருந்து, கை கால் பயிற்சி கொடுக்க வருகிறவள், வேலைக்கு ஓடுவது, திரும்பி ஓடிவருவது. இவருக்கு நாலைந்து சொற்கள் திரும்பி வந்தன. வருகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து, நீங்கள் எவ்வளவு தைரியமான ஆள், முகத்தில் ஒரு சோர்வில்லையே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அண்ணையும் வருவார். இவருக்குப் பக்கத்தில் இருந்து பேஸ்போல் பார்ப்பார், வாய் திறக்காமல்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தங்கச்சியுடன் இருக்க எட்மன்ரனுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தார். வைகாசி மாதம், மத்தியானம். இவர் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விடைபெறப் போன மனுசனை நான் வாசல் நடையில் மறித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்கு வந்தது. அது இந்த மனுசனுக்கு எதற்கு என்று தோன்றியது. வேறொன்றைக் கேட்டேன்.

"அண்ணை, என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. என்ன தெரியுது எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் கையில் எடுத்த தொப்பியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். என்னை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பச் சொன்னார். நின்று நிதானமாகப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக ஒருவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"களைச்சுப் போனாய் பிள்ளை" என்றார். "நல்லாக் களைச்சுப் போனாய். இப்பிடியே போனால் தம்பிக்கு முன்னம் நீ விழுவாய்."

கரிநாக்குக்காரர் என் முகத்துக்கு நேரே, நீ விழுவாய் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வரவில்லை. படியில் இருந்துவிட்டேன். மூன்று வருஷமாக வராத அழுகை வந்தது. அவர் தேற்றவில்லை. என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் போனார். அங்கே ஏதோ திருகுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"அடுப்பை நான் பாத்திட்டன், நிப்பாட்டிக் கிடக்கு. இண்டைக்குத் தம்பியோடை நான் இருக்கிறன், பயணத்தைத் தள்ளிப் போடுறன். நீ போய்ப் படு."

போட்ட சப்பாத்தை மறுபடி கழற்றி வாசலில் வைத்தார். நான் எழும்பிப் போய்ப் படுத்தேன்.